டப்ளினிலிருந்து அப்பாவுக்கு: இங்கே வம்சம் தேடும் விதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் அம்மாவும் நலமா? இப்போது இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கிறது. கொள்ளுத்தாத்தாவின் ஊரைத் தேடி அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஆட்கள் வரும் பருவம் இது. அவர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். பதிவேடுகளோடே வாழ்ந்தவர் நீங்கள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வேண்டியது பெயர் இல்லை, ஊர். கார்க் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) மர்ஃபி என்ற குடும்பப் பெயரைத் தேடினால் ஊரே மர்ஃபிதான். நிலத்தின் மிகச் சிறிய பிரிவை இங்கே டவுன்லேண்ட் என்கிறார்கள். நாடு முழுக்க அறுபதாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அந்தப் பெயர் பெரும்பாலும் அயர்லாந்தில் கிடைக்காது. குடியேறிப் போன நாட்டில்தான் கிடைக்கும்: கல்லறைக் கல், பத்திரிகையில் வந்த இரங்கல் செய்தி, அங்கே நடந்த திருமணத்தின் கோவில் பதிவு. அதைப் பார்க்காமல் விமானம் ஏறி வருபவர்கள் வெறுங்கையோடு திரும்புவதைப் பார்க்க மனசு கஷ்டமாக இருக்கும்.

பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றையும் அரசு பதியத் தொடங்கியது 1864 ஜனவரி 1-ல். கத்தோலிக்கர் அல்லாதவர்களின் திருமணம் மட்டும் 1845 ஏப்ரலிலிருந்தே உண்டு. ஐரிஷ்ஜீனியாலஜி என்ற அரசு இணையதளத்தில் பதிவேட்டுப் பக்கங்களையே இலவசமாகப் பார்க்கலாம். பிறப்பு என்றால் 100 வருடம் கழிந்திருக்க வேண்டும், திருமணத்துக்கு 75, இறப்புக்கு 50. பழைய இறப்புப் பதிவில் பெற்றோர் பெயர் இருக்காது. திருமணப் பதிவில் இரண்டு தகப்பன்மார் பெயரும் இருக்கும், தாய்மார் பெயர் இருக்காது. பிறப்புப் பதிவில்தான் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் வரும். அதனால் திருமணத்தைப் பிடித்து, அங்கிருந்து பிறப்புக்குப் பின்னோக்கிப் போக வேண்டும். ஒரு எச்சரிக்கை: அட்டவணையில் இருக்கும் மாவட்டப் பெயர் பிறந்த ஊர் இல்லை. அது ஏழைகள் நிவாரணத்துக்காகப் பிரித்த வட்டாரம். கவுண்டி எல்லையைத் தாண்டியும் போகும்.

தேதிகளை அப்படியே நம்பக் கூடாது. குழந்தைக்குச் சில நாளிலேயே ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். அரசுப் பதிவுக்கோ மூன்று மாதம் தாண்டினால் அபராதம். தாமதித்தவர்கள் அதைத் தவிர்க்கப் பிறந்த தேதியைத் தள்ளிச் சொன்னார்கள். விளைவு, ஞானஸ்நானத்துக்குப் பிறகு பிறந்த குழந்தைகள் ஏராளம்! இரண்டும் முரண்பட்டால் கோவில் தேதியை எடுத்துக்கொள்வதுதான் சரி. வயதும் அப்படித்தான். 1901, 1911 கணக்கெடுப்புகளை ஒப்பிட்டால் பத்து வருடத்தில் பதினைந்து வயது கூடியவர்கள் இருப்பார்கள். நடுவில் 1909-ல், 70 வயதானவர்களுக்கு ஓய்வூதியம் வந்திருந்தது.

1864-க்கு முன்னால் போக, கத்தோலிக்கக் குடும்பத்துக்குப் பங்குப் பதிவேடுதான் துணை. பங்கு என்றால் ஒரு கோவிலுக்கு உட்பட்ட வட்டாரம். சுமார் 1880 வரையிலான ஏடுகளைத் தேசிய நூலகம் 2015-ல் இணையத்தில் இலவசமாக வைத்தது. அங்கே பெயர் வைத்துத் தேட முடியாது. பங்கைத் தேர்ந்தெடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். ஊர் முதலில் வேண்டும் என்று சொன்னது இதனால்தான். டப்ளின் நகரத்தில் சில ஏடுகள் 1740-களுக்குப் போகும். மேற்கே பல பங்குகளில் 1820-க்கு முன் ஒன்றுமில்லை. அடக்கப் பதிவும் அபூர்வம்.

பல ஏடுகள் லத்தீனில் இருக்கும். யாக்கோபுஸ் என்றால் ஜேம்ஸ், நம் சந்தியாகப்பர்தான். குலியெல்முஸ் என்றால் வில்லியம். ஹொனோரா வீட்டில் நோரா. ஓசல்லிவன் ஒரு பக்கத்தில் சல்லிவனாக இருப்பார். திருமணங்களைத் தேட, தவக்காலத்துக்கு, அதாவது ஈஸ்டருக்கு முன் வரும் நோன்புக் காலத்துக்கு, முந்தைய வாரங்களை முதலில் பாருங்கள். நமக்கு ஆடி, மார்கழி போல, அவர்கள் தவக்காலத்தில் கல்யாணம் வைப்பதில்லை. அதற்கு முன்னால் குவிந்து கிடக்கும். மணப்பெண்ணின் பங்கில்தான் கல்யாணம் நடக்கும். தலைப்பிள்ளையின் ஞானஸ்நானமும் பல சமயம் அங்கேயேதான்.

மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயர், அடுத்தவனுக்குத் தாய்வழித் தாத்தா பெயர் என்பது வழக்கம். பேரன் என்றால் பெயரன் என்று நீங்கள் சொல்வீர்களே, அதேதான். சிக்கலும் அதிலேதான். நான்கு சகோதரர்கள் ஒரே ஊரில் இருந்தால் நான்கு வீட்டு மூத்த பையனுக்கும் ஒரே பெயர். தாயின் குடும்பப் பெயரையும், ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானப் பெற்றோரையும் வைத்துத்தான் பிரிக்க முடியும். ஞானப் பெற்றோர் பெரும்பாலும் மாமன், அத்தை, சித்தி என்று இருப்பதால் அந்தப் பெயர்களை ஒன்று விடாமல் குறித்துக்கொள்ள வேண்டும்.

1922 ஜூன் 30-ல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. உயில்கள், அயர்லாந்துத் திருச்சபை என்ற புராட்டஸ்டன்ட் சபையின் பாதிக்கு மேற்பட்ட ஏடுகள், 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி எல்லாம் போயின. 1861 முதல் 1891 வரையிலானவற்றை அரசே அதற்கு முன் அழித்துவிட்டது. மிஞ்சியதில் கைகொடுப்பது 1847-க்கும் 1864-க்கும் இடையில் எடுத்த கிரிஃபித் நில மதிப்பீடு. யார் எந்த டவுன்லேண்டில் யாரிடம் குத்தகைக்கு இருந்தார் என்று அதில் இருக்கும். குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், மனைவி மக்கள் கிடையாது. உங்களுக்கு நம் பழைய பட்டா ஏடு நினைவுக்கு வரும்.

உங்களுக்காக ஒரு பிறப்புப் பதிவை அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். தகவல் தந்தவர் கையெழுத்திட வேண்டிய கட்டத்தைப் பாருங்கள். தாயின் பெயருக்கு நடுவே ஒரு சின்னப் பெருக்கல் குறி. நம் கைநாட்டுக்கு இங்கே அதுதான். பெயரை எழுதியவர் பதிவாளர். காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். தன் பெயரில் எந்த எழுத்து வர வேண்டும் என்று சொல்ல அந்தத் தாய்க்கு வழியில்லை. 'எங்கள் குடும்பத்தில் இப்படி எழுத மாட்டோம்' என்று சரியான பக்கத்தையே தள்ளிவிட்டுப் போகிறவர்களிடம் இந்தக் கட்டத்தைத்தான் காட்ட வேண்டும்.

அம்மாவை மாத்திரையை மறக்காமல் போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்