வர்ணத்துக்குப் பின் மங்களம்: உங்கள் மறுவெளியீட்டு இசைத்தட்டு குறித்த புகார்

அனுப்புநர்: ஒரு வாடிக்கையாளர், செம்பூர், மும்பை
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: இரட்டை இசைத்தட்டில் பக்க வரிசை மாறியிருப்பது

ஐயா,

போன மாதம் 4,600 ரூபாய் கொடுத்து உங்களுடைய கர்நாடகக் கச்சேரி இரட்டைத் தட்டை வாங்கினேன். அப்பா வைத்திருந்த பழைய செட் கீறல் விழுந்து, ஊசி ஒரே இடத்தில் நின்று சுற்றுகிறது. அந்தக் கச்சேரி இல்லாமல் அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை விடியாது. அச்சு சுத்தமாக இருக்கிறது, இரைச்சல் இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

சிக்கல் முதல் தட்டைத் திருப்பியதும் தொடங்கியது. ஏ பக்கத்தில் கச்சேரியைத் தொடங்கும் வர்ணம், பிள்ளையார் கிருதி, இன்னொரு சின்ன உருப்படி. பி பக்கத்தில் கச்சேரியின் கடைசியில் வர வேண்டிய துக்கடாக்கள் என்னும் சின்னப் பாட்டுகள், தில்லானா, சௌராஷ்டிர ராகத்தில் முடிவுப் பாட்டான மங்களம், கைதட்டல். அம்மா சண்முகானந்தா ஹாலில் கச்சேரி கேட்டு வளர்ந்தவர். அந்தக் காலத்தில் மங்களம் தொடங்கினால் செருப்பைத் தேடிக்கொண்டு கோலிவாடா ஸ்டேஷனுக்கு ஓட வேண்டும். பழக்கதோஷம், எழுந்தே விட்டார். "என்னடா, அதுக்குள்ள மங்களம் பாடிட்டாங்க?" என்றார். கச்சேரியின் நடுநாயகமான தோடி ராக ஆலாபனையும் கிருதியும் சி பக்கத்தில், கல்பனாஸ்வரமும் தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனமும் டி பக்கத்தில். தனி முடிந்து பாடகர் பல்லவியை எடுக்கிறார், அதோடு செட்டே முடிந்துவிடுகிறது.

உங்கள் சேவைப் பிரிவுக்கு போன் செய்தேன். "மூலத் தட்டில் உள்ள வரிசையைத்தான் சார் பின்பற்றியிருக்கிறோம்" என்றார் அந்தப் பிள்ளை. ஒரு விதத்தில் அவர் சொன்னது உண்மை, கோளாறும் அங்கேதான். அப்பாவின் தட்டுகளை எடுத்துப் பார்த்தேன். முதல் தட்டின் ஒரு புறம் பக்கம் 1, மறுபுறம் பக்கம் 4. இரண்டாவது தட்டில் 2, 3. அது ரெக்கார்ட் சேஞ்சருக்காகச் செய்த ஏற்பாடு. நடுக்கம்பியில் தட்டுகளை அடுக்கி வைத்தால் ஒன்று முடிந்ததும் அடுத்தது அதன்மேல் தானாக விழும். 1, 2 ஓடி முடிந்ததும் இரண்டையும் சேர்த்து அப்படியே திருப்பி வைத்தால் 3, 4 வரும். நடுவில் ஒரே ஒரு முறை எழுந்தால் போதும். இன்று என் வீட்டில் இருப்பது ஒற்றைத் தட்டு பிளேயர். உங்கள் ஆட்கள் முதல் தட்டின் இரு புறத்தையும் ஏ, பி என்றும், அடுத்ததை சி, டி என்றும் எழுதிவிட்டார்கள். லேபிளில் இருந்த எண்ணை யாரும் படிக்கவில்லை. படிக்காவிட்டாலும் போகட்டும், ஒருமுறை முழுதாகக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

மறுவெளியீட்டில் வரிசை மாறவே கூடாது என்று சொல்லும் ஆள் நான் இல்லை. கேசட் வந்தபோது இரண்டு பக்கமும் சம நீளம் வரவேண்டும் என்று பாட்டுகளை இடம் மாற்றினார்கள். பீட்டில்ஸின் 'ரப்பர் சோல்' 1965இல் பிரிட்டனில் ஒரு பாட்டோடும் அமெரிக்காவில் வேறொரு பாட்டோடும் தொடங்கியது. 1987இல் சிடி வந்தபோது பிரிட்டன் வரிசையை எடுத்துக்கொண்டார்கள். பிடிக்கிறதோ இல்லையோ, அதெல்லாம் யாரோ யோசித்து எடுத்த முடிவு. சினிமாப் பாட்டுத் தட்டாக இருந்தால் நானும் முணுமுணுத்துவிட்டுப் போயிருப்பேன். இது எதற்குப் பின் எது என்று பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துக் கொடுத்த பத்ததியில் பாடிய கச்சேரி. இலை போட்டதும் மோர் சாதத்தைப் பரிமாறிவிட்டு, சாம்பார் பின்னால் வருகிறது என்றால் எப்படி?

"ஏ, சி, டி, பி என்று போட்டுக் கேளுங்கள்" என்ற யோசனையும் வந்தது. கேட்கலாம்தான். அதற்கு ஒரு தட்டை எடுத்து உறையில் போட்டு, அடுத்ததை வைத்து, கடைசிப் பக்கத்துக்கு மறுபடி முதல் தட்டுக்கு வர வேண்டும். மேலும் உங்கள் ஆன்லைன் பதிப்பிலும் இதே வரிசைதான் ஓடுகிறது. அங்கே எந்தத் தட்டைத் திருப்புவது?

ஆன்லைன் வரிசையை உடனே திருத்துங்கள், அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. தட்டை 1-2, 3-4 என்று மறுபடி அச்சிடும்போது எனக்கு ஒரு செட் மாற்றித் தர வேண்டும். மறு அச்சு இல்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். பழைய லேபிள்களின் படமும் ரசீதும் இணைத்திருக்கிறேன். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறேன்.

அதுவரை அப்பாவின் கீறல் விழுந்த தட்டுதான் ஓடும். ஊசி நிற்கும் இடத்தில் லேசாகத் தட்டிவிட அம்மாவுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்