மகளிர் தலைமைத்துவ மாநாட்டுக்குச் சென்று வந்தது குறித்துப் பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

கடந்த சனி, ஞாயிறு இரு நாட்களும் தஞ்சாவூரில் நடைபெற்ற மகளிர் தலைமைத்துவ மாநாட்டில் நானும், நம் பள்ளியின் கணித ஆசிரியையும், பதினோராம் வகுப்பு மாணவியர் மூவரும் கலந்துகொண்டோம். பிள்ளைகளை எங்களை நம்பி அனுப்பிவைத்த மூன்று குடும்பத்தாருக்கும் முதற்கண் என் நன்றி. வரவேற்புரைகளுக்கும் பொன்னாடைகளுக்குமே முதல் நாள் முற்பகல் சரியாகிவிட்டது. பிற்பகலில் பேசிய ஓர் ஊராட்சித் தலைவரைப் பற்றித்தான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அவர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவர். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதியை மகளிர்க்கு ஒதுக்கி 2016இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அவருடைய ஊராட்சி பெண்களுக்கான இடமாயிற்று. கணவர் அவரைத் தேர்தலில் நிறுத்தினார், அவரும் வென்றார். முதல் ஓராண்டு, தலைவர் நாற்காலியில் கணவரே அமர்ந்திருந்ததையும், காட்டிய இடத்தில் கையெழுத்திடுவதே தம் வேலையாக இருந்ததையும் அவர் ஒளிக்காமல் சொன்னார். ஒரு கோடையில் குடிநீர்த் தொட்டியின் மோட்டார் பழுதாகி, ஊர்ப் பெண்கள் குடங்களோடு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றபோது கணவர் வெளியூரில் இருந்தார். அன்றுதான் அவர் கோப்பை முதன்முதலாகத் தாமே பிரித்துப் படித்து, பழுது நீக்கும் செலவை எந்தக் கணக்கில் எழுதலாம் என்று ஊராட்சிச் செயலரைக் கேட்டிருக்கிறார். அதன் பிறகு அந்த நாற்காலியை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

மறுநாள் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரைப் பற்றிய அமர்வு. மயிலாடுதுறையை அடுத்த மூவலூர் நமக்குத் தொலைவான ஊரன்று. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய அந்த அம்மையார், 1938இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது திருச்சியிலிருந்து சென்னை வரை நடந்த படையில், ஐம்பதைக் கடந்த வயதில் தாமும் நடந்தவர். கல்லூரி செல்லும் அரசுப் பள்ளி மாணவியர்க்கு மாதம் ரூ.1,000 வழங்கும் புதுமைப் பெண் திட்டம் அவர் பெயரால் அமைந்தது. அக்காவின் வங்கிக் கணக்கில் பணம் ஏறும்போது கேட்ட பெயர் என்பதற்கு மேல் தனக்கு ஒன்றும் தெரியாது என்று நம் மாணவி ஒருத்தி என்னிடம் சொன்னாள். அதில் அவள் குற்றம் எதுவுமில்லை. சொல்லிக் கொடுக்காதவர்கள் நாங்கள்.

திரும்பும் பேருந்தில் என் மனம் அந்த ஊராட்சித் தலைவரின் முதல் ஓராண்டையே சுற்றிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை நம் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி இக்குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். நம் குழுவுக்குத் தலைவராக இருப்பவரும் ஒரு தாயார்தான். கையெழுத்துகள் எல்லாம் முறையாக இருக்கின்றன. ஆனால் ஓராண்டில் பதிவான கோரிக்கைகளில் தாய்மார்கள் எழுப்பியவை இரண்டே இரண்டு. சில கூட்டங்களுக்கு மனைவிக்குப் பதிலாகக் கணவர் வந்து அமர்ந்ததை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நடவு நாட்களில் பிற்பகல் 3 மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, பெண்கள் வருவதில்லை என்று குறைபட்டுக்கொண்டதும் எங்கள் தவறே. வகுப்பறையிலும் இதே கதைதான்: விழா என்றால் கோலம் மாணவியர்க்கு, ஒலிபெருக்கி மாணவர்க்கு என்று யாரும் சொல்லாமலேயே பிரித்து வைத்திருக்கிறோம். இதை இந்தப் பருவத்திலிருந்தே மாற்றுகிறோம்.

வரும் வெள்ளிக்கிழமை கூட்டம் மாலை 5 மணிக்குத் தொடங்கும். உறுப்பினரான தாயார் வர இயலாவிட்டால் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்; அவருக்காக வேறொருவர் கையெழுத்திட வேண்டாம் எனத் தந்தையரைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வரவு செலவுக் கணக்கும் தீர்மானங்களும் உரக்கப் படிக்கப்பட்ட பிறகே பதிவேடு கையெழுத்துக்கு வரும். மாணவியர் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போடுவதும், பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட இரு மாணவியரை மீண்டும் பள்ளிக்கு அழைத்து வருவதும் முதலில் பேசப்படும். இவ்விரண்டிலும் தாய்மார்களின் கருத்தைக் கேட்காமல் முடிவெடுக்க எனக்கு விருப்பமில்லை.

மாநாட்டுக்கு வந்த மூன்று மாணவியரும் திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தாங்கள் கேட்டவற்றைப் பேசுவார்கள். வேலைக்குச் செல்லும் வழியில் சற்று நின்று கேட்க விரும்புவோர் உள்ளே வரலாம். வெள்ளிக்கிழமை கூட்டத்திற்குக் கைக்குழந்தைகளையும் சிறு பிள்ளைகளையும் உடன் அழைத்து வரலாம். பக்கத்து வகுப்பறையில் அவர்களைப் பார்த்துக்கொள்ள இரண்டு ஆசிரியர்கள் இருப்பார்கள்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்