தயங்கும் பிள்ளைக்கு மூன்று விநாடி: நீலகிரி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பள்ளிகளின் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

படுகு, இருளர் மொழி, பணியர் மொழி பேசும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்குத் தமிழே இரண்டாம் மொழி. கேள்வி கேட்டதும் அவர்கள் தயங்கினால், பாடம் தெரியவில்லை என்று முடிவுகட்டி அடுத்த பிள்ளையிடம் போய்விடாதீர்கள்.

தாய்மொழி உரையாடலில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக 200 மில்லி விநாடிதான். 10 மொழிகளில் அளந்து 2009-இல் வெளியான முடிவு இது. ஆனால் ஒரு படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லத் தொடங்கவே சுமார் 600 மில்லி விநாடி ஆகிறது. அதாவது, எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்குள்ளேயே நம் பதில் உள்ளே உருவாகத் தொடங்கிவிடுகிறது. இரண்டாம் மொழியில் இது எளிதல்ல. கேள்வியைப் புரிந்துகொள்வதிலேயே கவனம் போய்விடும். பெரும்பாலும் கேள்வி முடிந்த பிறகே சொல் தேடல் தொடங்கும்.

அமெரிக்க வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோவ், ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருப்பது ஏறக்குறைய ஒரு விநாடியே என்று கண்டார். அதை 3 விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன. பதிலே வராமல் போவது குறைந்தது. நம் பிள்ளைகளுக்கு 5 விநாடிகூடக் கொடுக்கலாம். அந்த நேரத்தில் கேள்வியை வேறு சொற்களில் மாற்றிக் கேட்காதீர்கள். உதவி என்று நினைத்துத்தான் செய்கிறோம். பிள்ளையோ மறுபடி முதலிலிருந்து புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

வாய்மொழித் தேர்வில் எத்தனை முறை நின்றார்கள் என்று எண்ணாமல், எங்கே நின்றார்கள் என்று பாருங்கள். வாக்கியம் முடிந்த இடத்தில் எல்லோரும்தான் நிற்கிறோம். நடுவில் நிற்பது சொல்லுக்கோ இலக்கணத்துக்கோ தவிப்பதைக் காட்டும். பிள்ளைகள் ஆங்கிலம் பேசும்போதும் இதைக் காணலாம். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்தே வினை வர வேண்டும். தமிழிலும் படுகிலும் அது கடைசியில் வருகிறது. எழுவாயைச் சொன்னதும் பிள்ளை திணறுவது அதனாலும் இருக்கலாம்.

பயிற்சிக்கு 4-3-2 முறை நல்லது. தேயிலை பறிப்பதோ கேரட் கழுவுவதோ, நன்கு தெரிந்த ஒன்றை முதல் தோழரிடம் 4 நிமிடம், இரண்டாமவரிடம் 3, மூன்றாமவரிடம் 2 நிமிடம் சொல்ல வேண்டும். சிறு வகுப்புக்கு நேரத்தைப் பாதியாக்குங்கள். கேட்பவர் கட்டாயம் மாற வேண்டும்; கேட்டதையே கேட்பவருக்கு ஆர்வம் இருக்காது. பேச்சின் நடுவே திருத்தாதீர்கள். ஆனால் திருத்தாமலே விட்டால் பிழைகளும் சுற்றுக்குச் சுற்று அப்படியே தொடரும். முதல் சுற்று முடிந்ததும் ஒன்றிரண்டை மட்டும் சொல்லுங்கள்.

“அது வந்து…”, “இருங்க, யோசிச்சு சொல்றேன்” என்று சொல்லவும் பழக்குங்கள். மௌனமாக நின்றால் பேசும் வாய்ப்பு அடுத்தவருக்குப் போய்விடும். இப்படி ஒரு சொல் சொன்னால் தங்கும்.

பள்ளியைப் பார்வையிட வரும் அலுவலர்கள் பிள்ளைகளிடம் கேள்வி கேட்கும் முன், இந்த 3 விநாடியை அவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
மொழி கற்பித்தலில் பணிபுரிவோர்