விளக்கு எரியாவிட்டாலும் திரும்பிப் பார்

கார்த்தி,

கார் போட்டோ பார்த்தோம், நிறம் நன்றாக இருக்கிறது. அப்பா இன்னும் விலையையே பேசிக்கொண்டிருக்கிறார், அதை விடு. "இனிமே பக்கத்துல யார் வந்தாலும் காரே சொல்லிடும்மா" என்று எழுதியிருந்தாயே, அதுதான் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அந்த "பிளைண்ட் ஸ்பாட் மானிட்டர்" வசதி வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். பின் பம்பரின் இரண்டு மூலையிலும் உள்ளே ரேடார் இருக்கும், மிரரில் தெரியாத இடத்தில் வண்டி வந்தால் மிரர் ஓரத்தில் விளக்கு எரியும், அப்போது நீ இண்டிகேட்டர் போட்டால் சத்தமும் கொடுக்கும். அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்பை ஆராய்கிற ஐ.ஐ.எச்.எஸ். என்கிற அமைப்பு கணக்கெடுத்ததில், இது இருக்கிற கார்களில் லேன் மாறும்போது நடக்கிற விபத்து 14 சதவீதம் குறைந்திருக்கிறது. நல்ல விஷயம்தான், ஆனால் மீதி 86 அப்படியே இருக்கிறதே கண்ணா.

நமக்கு ஸ்டீயரிங் வலது பக்கம், அதனால் கண்ணுக்குத் தப்புவது இடது பக்கம்தான் அதிகம், டூவீலர்காரர்கள் நுழைந்து வருவதும் அந்தப் பக்கம்தான். காரைப் பிடிக்கிற வேகத்தில் ரேடார் பைக்கைப் பிடிக்காது. பம்பரில் சேறு அப்பியிருந்தாலும், கொட்டுகிற மழையிலும் தடுமாறும். அதனால் விளக்கு எரிந்தால் நம்பு, எரியவில்லை என்பதை மட்டும் நம்பாதே, இண்டிகேட்டர் போட்டு ஒரு தடவை தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அப்புறம் திருப்பு.

மிரரையும் சரியாக வை. தலையை வலது கண்ணாடி ஜன்னலில் சாய்த்துக்கொண்டு, உன் காரின் பக்கவாட்டு ஓரம் லேசாகத் தெரிகிற வரைக்கும் வலது மிரரை வெளிப்பக்கமாகத் திருப்பு. இடது மிரருக்கு, இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையைக் கொண்டுவந்து அதே மாதிரி செய். நிமிர்ந்து உட்கார்ந்தால் உன் கார் மிரரில் தெரியாது, முதல் இரண்டு நாள் என்னவோ போல இருக்கும், பழகிவிடும். மறைகிற இடம் நன்றாகவே குறைந்துவிடும்.

இன்னொன்று, உன் காரில் ரேடார் இருக்கிறது, ஓசூர் ரோட்டில் போகிற லாரிகளில் பெரும்பாலும் கிடையாது. வலது லேனிலேயே ஊர்ந்துபோகிற லாரியை இடது பக்கமாகத் தாண்டவேண்டி வரும்போது அதன் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு போகாதே. லாரியின் மிரரில் டிரைவர் முகம் உனக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீ தெரியவில்லை. இடம் இருந்தால் சட்டென்று தாண்டு, இல்லாவிட்டால் பின்னாலேயே வா. நாம் சேலம் போகும்போது தொப்பூர் இறக்கத்தில் இதை மறக்கவே கூடாது.

சனிக்கிழமை கிளம்புமுன் பின் பம்பர் மூலைகளை ஈரத்துணியால் துடைத்துவிடு. ராத்திரியில் வராதே, விடிந்ததும் கிளம்பு. கிருஷ்ணகிரியில் டீக்கு நிறுத்தும்போது போன் பண்ணு.

அம்மா