மராவியின் இனாவுக்கு

அன்புள்ள இனாவுக்கும், அன்று கூட இருந்த எல்லோருக்கும்,

இதைத் தமிழில் எழுதுகிறேன். உங்கள் மகளிடம் போனில் வரிவரியாகச் சொல்லிவிடுவேன், அவள் உங்களுக்குச் சொல்லட்டும். பிலிப்பைன்ஸில், டவாவோவில் டாக்டருக்குப் படித்தேன் என்றால் இங்கே யாரும் ஆச்சரியப்படுவதில்லை. எங்கள் பக்கத்திலிருந்து அங்கே போய்ப் படிக்கிறவர்கள் நிறைய. மராவி என்றால்தான் "தீவிரவாதிகள் பிடித்த ஊராச்சே" என்கிறார்கள். அந்த ஊரில் நீங்களும் இருந்தீர்கள் என்று இவர்களுக்குத் தெரிய வேண்டும்.

2017-இல் ரமலான் தொடங்க நான்கைந்து நாள் இருக்கும்போதுதான் உங்கள் மகள் என்னை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். லனாவ் ஏரியிலிருந்து வந்த குளிர்காற்றும், சோற்றோடு நீங்கள் வைத்த பலாப்பாவும் இன்னும் நினைவில் இருக்கின்றன. இஞ்சி, மிளகாய், வறுத்த தேங்காய் எல்லாம் சேர்ந்த அந்தக் காரத்தில் எங்கள் வீட்டுத் துவையலின் சாயல் இருந்தது. பழக்கதோஷத்தில் உங்களை "அம்மா" என்று கூப்பிட்டேன். வீடே சிரித்தது. உங்கள் மொழியில் 'அமா' என்றால் அப்பாவாமே! அம்மாவுக்கு 'இனா'வாம். அன்றிலிருந்து நீங்கள் எனக்கு இனா.

மே 23 பிற்பகல் பாசாக் மாலுத்லுத் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. அபு சயாஃப் என்ற தீவிரவாதக் குழுவின் தலைவன் இஸ்னிலோன் ஹபிலோனைப் பிடிக்கப் படையினர் போனதும், அவனோடு கூட்டுச் சேர்ந்த மவுத்தே குழுவினர் ஊருக்குள் இறங்கியதும் பிறகுதான் தெரிந்தது. இருட்டும்போது டான்சலான் கல்லூரிப் பக்கம் தீ தெரிந்தது. கரண்ட் போனது. அன்றிரவே நாட்டின் தெற்குத் தீவான மிண்டானாவ் முழுவதும் ராணுவச் சட்டம். அதிபர் தூதெர்த்தே அப்போது மாஸ்கோவில் இருந்தார். நான் உங்கள் வீட்டுப் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தேன். ஊரில் முஸ்லிம் அல்லாதவர்களைத் தேடுகிறார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா வந்து சொன்னதும் உங்கள் முக்காட்டை எடுத்து என் தலையில் கட்டினீர்கள். விடிய விடிய "அஸ்ஸலாமு அலைக்கும்" சொல்லச் சொல்லிப் பழக்கினீர்கள். என் 'ழ' எல்லாம் அங்கே எதற்கு உதவும்?

மறுநாள் மாமா எங்கள் எல்லோரையும் ஜீப்பில் ஏற்றினார். வழியில் கறுப்பு உடையில் துப்பாக்கியோடு நின்ற பையன்கள் வண்டியை மறித்தார்கள். அதில் ஒருவனுக்கு என் தம்பி வயதுகூட இருக்காது. "என் மகள்தான், காய்ச்சல், பேச முடியாது" என்று நீங்கள் என் தலையை மடியில் அழுத்திக்கொண்டீர்கள். பொய் என்று தெரிந்திருந்தால் உங்களுக்கும் என்ன ஆகியிருக்கும் என்று டவாவோ போய்ச் சேர்ந்த பிறகுதான் யோசித்தேன், அப்புறம்தான் எனக்குக் கை நடுங்கியது.

நாங்கள் போன இலிகான் நகரம் நாற்பது கிலோமீட்டருக்குள்தான். அன்று ஊரே அந்த ஒரு சாலையில் இருந்ததால் போய்ச் சேர நள்ளிரவு ஆனது. அங்கே ராணுவச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை கேட்டார்கள். இனா, அங்கே நான் செய்ததை இதுவரை உங்களிடம் பேசியதில்லை. முக்காட்டை அவிழ்த்துப் பைக்குள் வைத்தேன். கல்லூரி அட்டையைக் காட்டினேன். இரண்டு நிமிடத்தில் போகச் சொல்லிவிட்டார்கள். நீங்களும் உங்கள் மகளும் பக்கத்து வரிசையில் இன்னும் ஒன்றரை மணி நேரம் நின்றீர்கள். முக்காடு போட்ட பெண், அதுவும் உங்கள் மரனாவ் முஸ்லிம் சமூகத்துப் பெண் என்றாலே சந்தேகம். பிறகு வாடகைக்கு வீடு தேடியபோதும் அதே கதைதான் என்று உங்கள் மகள் சொன்னாள். எனக்காக நீங்கள் அவிழ்த்துக் கொடுத்ததை நான் அந்த ராணுவச் சாவடியில் கழற்றி எறியாத குறையாக ஒளித்தேன். நன்றியோடு இந்த மன்னிப்பையும் கேட்டுக்கொள்கிறேன்.

ஜீப்புக்கு டீசல் கொடுத்துக் காசு வாங்காதவருக்கும், இலிகானில் நடுராத்திரி கதவைத் திறந்து குளிக்கத் தண்ணீர் கொடுத்த கிறிஸ்தவக் குடும்பத்துக்கும், என் பெற்றோருக்கு மணிக்கு ஒருமுறை வாட்ஸ்அப்பில் தகவல் சொன்ன சீனியர் அண்ணனுக்கும் நன்றி. முன்னாள் துணை ஆளுநர் நொரோதின் லுக்மன் தன் வீட்டில் அறுபதுக்கும் மேற்பட்ட கிறிஸ்தவர்களை ஒளித்து வைத்திருந்தார் என்று செய்தியில் படித்தபோது உங்கள் அரிசி மூட்டை அறைதான் கண்ணில் வந்தது. உங்கள் வீடு செய்தியில் வரவில்லை.

ஐந்து மாதம் நடந்த சண்டை அக்டோபர் 23-இல் முடிந்தது. அதற்குள் உங்கள் தெரு இல்லை. 2022-இல் நட்டஈட்டுச் சட்டம் வந்த பிறகும் காகிதத்தோடு அலைகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். மருத்துவச் சான்று ஏதாவது வேண்டுமென்றால் கூச்சப்படாமல் கேளுங்கள், இப்போது நானும் கையெழுத்துப் போடுகிற டாக்டர்தான்.

போன வாரம் பலாப்பா செய்து பார்த்தேன். உங்கள் ஊர் சகுராப் வெங்காயம் இங்கே கிடைக்காது, சின்ன வெங்காயம் போட்டேன். சரியாக வரவில்லை. தேங்காயை எந்த நிறம் வரும்வரை வறுக்க வேண்டும் என்று உங்கள் மகளிடம் சொல்லியனுப்புங்கள்.

உங்கள் காய்ச்சல்காரி மகள்