பீடமும் கொடியும்: மகளுக்கு ஒரு கடிதம்

பிரியமுள்ள மகளே,

நீ கேட்டது போனில் பேசித் தீர்கிற விஷயம் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். "நாட்டில் இத்தனை நடக்கிறது, பிரசங்கத்தில் ஒரு கட்சியின் பெயரைக்கூடச் சொல்ல மாட்டேன் என்கிறீர்களே, பயமா அப்பா?" என்றாய்.

பயம் கொஞ்சம் உண்டுதான். ஆனால் காரணம் அது இல்லை. சபையார் அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்து நாளில் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் இருவர் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட்டுக் கை நீட்டுகிறார்கள். வெளியே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். நான் ஒரு கட்சிக்கு ஓட்டுக் கேட்டால், மறுவாரம் அந்த இரண்டு கைகளில் ஒன்று வராது. இயேசு, ரோமரின் ஆதிக்கத்தில் வரி வசூலித்த மத்தேயுவையும், ரோமரை எதிர்த்தவர்களின் பெயரால் 'செலோத்தே' எனப்பட்ட சீமோனையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தவர்.

அதற்காக அநியாயத்தைக் கண்டும் வாய் மூடிக்கொள்வதா என்று கேட்பாய். இல்லை. அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13ஐ நம் ஆட்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதே அரசு மிருகமாக எழும்பிவரும் வெளிப்படுத்தல் 13ஐ யாரும் தொடுவதில்லை. இரண்டும் ஒரே வேதத்தில்தான் இருக்கின்றன.

மிலான் நகரப் பேராயர் அம்புரோசை நினைத்துக்கொள்கிறேன். 390இல் தெசலோனிக்கே நகரத்து மக்கள் கலகம் செய்து ஒரு தளபதியைக் கொன்றார்கள். பேரரசர் தியோடோசியஸ் படையை ஏவினார். குற்றம் செய்தவர், செய்யாதவர் என்று பார்க்காமல் ஆயிரக்கணக்கானோர் வெட்டப்பட்டார்கள். பத்து வருடம் முன்புதான், 380இல், கிறிஸ்தவத்தைப் பேரரசின் மதமாக்கியவர் அவர். திருச்சபைக்கு அவரைவிட வேண்டப்பட்டவர் யார்? அப்படிப்பட்டவருக்கே அம்புரோஸ் தன் கைப்படக் கடிதம் எழுதினார்: நீங்கள் வந்து நின்றால் என்னால் பலி செலுத்த (திருவிருந்து ஆராதனை நடத்த) முடியாது. பேரரசர் எல்லோர் முன்பும் மனம் வருந்திய பிறகுதான் அவருக்குத் திருவிருந்து கிடைத்தது.

பிரசங்கிகள் இந்தக் கதையை இதோடு நிறுத்திவிடுவார்கள். இரண்டு வருடம் முன்பு, 388இல், ஐபிராத்து (யூப்ரடீஸ்) நதிக்கரையில் கல்லினிக்கம் என்ற ஊரில் கிறிஸ்தவர்கள் யூதரின் ஜெப ஆலயத்தைக் கொளுத்தினார்கள். அந்த ஊர்ப் பேராயரே அதைக் கட்டித்தர வேண்டும் என்று இதே தியோடோசியஸ் உத்தரவிட்டார். நியாயமான உத்தரவு. அம்புரோஸ் ஆராதனையைத் தொடராமல் நின்று, உத்தரவைக் கைவிடும்படி பேரரசரிடம் வாக்கு வாங்கிவிட்டார். அதே மனிதர், அதே பீடம். கொலையைத் தட்டிக்கேட்ட வாய், தன் ஆட்கள் வைத்த தீயை மறைக்கவும் பேசியது.

எனக்குப் பயம் என்றேனே, அது இந்த இரண்டாவது அம்புரோசைப் பார்த்துத்தான். "நம்ம ஆளு" என்ற எண்ணம் வந்துவிட்டால் போதகனுக்குக் கண் தெரியாமல் போகும். பிறன் மனைவியை எடுத்துக்கொண்டு அவள் கணவனைச் சாகவைத்த தாவீதிடம் தீர்க்கதரிசி நாத்தான் "நீயே அந்த மனுஷன்" என்று சொல்ல முடிந்ததே, கர்த்தர் அபிஷேகம் பண்ணின ராஜாவாயிற்றே என்று தயங்காததால்தான்.

நான் செய்வது இவ்வளவுதான்: ஆகாப் ராஜா பிடுங்கிக்கொண்ட நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைப் பற்றிப் பிரசங்கிக்கிறேன். நிலத்தைப் பிடுங்கினவன் எந்தக் கட்சியானாலும் அவனுக்கு உறைக்கும். கூலியைப் பிடித்துவைக்கிறவர்களைப் பற்றி யாக்கோபு எழுதியதை வாசிக்கிறேன். அன்றைக்கு முன்வரிசையில் ஒருசிலர் நெளிவார்கள். தேர்தல் சமயத்தில் மட்டும் ஆராதனைக்கு வரும் வேட்பாளருக்காக ஜெபிக்கிறேன். மைக் கொடுப்பதில்லை. சபை மூப்பர்களுக்கே இதில் என்மேல் வருத்தம் உண்டு.

நீ கட்சியில் சேர விரும்பினால் தாராளமாகச் சேர். பீடம் எனக்குத்தான், உனக்கு இல்லை. கொடி பிடி, கூட்டத்தில் பேசு, தேர்தலில்கூட நில். உன் கட்சி தப்பு செய்கிற அன்று கட்சிக்குள்ளேயே எழுந்து கேள்.

அப்புறம், நான் யாருக்கு ஓட்டுப் போடுகிறேன் என்று உன் அம்மாவைத் தூதுவிட்டுக் கேட்டாயாமே. அவளுக்கும் இதுவரை தெரியாது.

அன்புடன்,
அப்பா