எடிட்டரைத் தேடும் எழுத்தாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள எழுத்தாளர்களே,

எந்தப் பதிப்பகத்திலும் சம்பளம் வாங்காமல், புனைவல்லாத நூல்களுக்குத் தனித்து எடிட்டர் வேலை செய்பவன் நான். வரலாறு, அறிவியல், தொழில் அனுபவம், ஆய்வேட்டிலிருந்து உருவாகும் நூல் என்று எது வந்தாலும் பார்க்கிறேன். உங்களில் பலரிடமிருந்து வரும் முதல் மின்னஞ்சல் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது. நூல் முடிந்துவிட்டது, முழுக் கோப்பையும் இணைத்திருக்கிறேன், எழுத்துப்பிழைகளைப் பார்த்துக் கொடுத்தால் போதும், அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது. அப்படியொரு மின்னஞ்சலை எழுதப்போகிறவர்களுக்குத்தான் இந்த மடல். தயவுசெய்து அதை இப்போது அனுப்பாதீர்கள்.

பிழை பார்ப்பது சில்லறை வேலை என்று நான் சொல்லவில்லை. அது கடைசி வேலை என்கிறேன். முதலில் நூலின் கட்டமைப்பு: எது முன்னால் வர வேண்டும், எது பின்னால், எது வேண்டவே வேண்டாம். அடுத்தது வாக்கியங்கள். அதன் பிறகு எழுத்துப்பிழைகள், பெயர்களின் சீர்மை, ஆண்டுகள், அடிக்குறிப்புகள். பக்கங்களை வடிவமைத்து முடித்த பின் மெய்ப்பு, அதாவது அச்சுக்குப் போகுமுன் பக்கங்களைக் கடைசியாக ஒருமுறை சரிபார்ப்பது. இந்த வரிசை தலைகீழானால் பணம் வீண். ஆறாம் இயலின் ஒவ்வொரு வாக்கியத்தையும் செதுக்கி முடித்த பிறகு அந்த இயலே நூலுக்குத் தேவையில்லை என்று தெரியவந்தால், அந்த உழைப்புக்கும் கூலி கொடுத்திருப்பவர் நீங்கள்தான்.

கட்டமைப்பைப் பார்க்கும்போது நான் என்ன செய்கிறேன் என்று பலர் கேட்கிறார்கள். முதல் வாசிப்பில் ஒரு திருத்தமும் செய்வதில்லை. எங்கே சலிப்புத் தட்டியது, எங்கே முன் பக்கத்துக்குத் திரும்பிப் போக வேண்டியிருந்தது என்பதை மட்டும் ஓரத்தில் குறித்துக்கொண்டு போகிறேன். இரண்டாம் வாசிப்பில் ஒவ்வொரு இயலுக்கும் ஓரிரு வரி எழுதுகிறேன்: இந்த இயல் எதை நிறுவுகிறது, இதைப் படித்து முடித்த வாசகருக்குப் புதிதாகத் தெரிந்தது என்ன. எந்த இயலுக்கு அந்த ஓரிரு வரியை எழுத முடியவில்லையோ, அங்கேதான் சிக்கல். அதில் தகவலுக்குப் பஞ்சம் இருக்காது. ஆண்டுகள், பெயர்கள், புள்ளிவிவரங்கள் எல்லாம் நிறைந்திருக்கும். எதற்காக இவை இங்கே இருக்கின்றன என்பதற்கு மட்டும் பதில் இருக்காது.

ஆய்வேட்டிலிருந்து வரும் நூல், தனக்கு முன் யார் யார் என்ன எழுதினார்கள் என்று ஓர் இயல் முழுவதும் ஒப்புவித்த பிறகே சொந்தக் குரலில் பேசத் தொடங்கும். தேர்வாளர்களுக்கு அது தேவைப்பட்டது, பொது வாசகருக்குத் தேவையில்லை. இதழ்களில் எழுதிய கட்டுரைகளைத் தொகுத்தவர் ஒரே மனிதரை இயலுக்கு இயல் புதிதாக அறிமுகம் செய்வார். ஆவணக் காப்பகத்தில் தேடி அலைந்தவர், ஒரு தாளைக் கண்டெடுக்கப் பட்ட பாட்டை நினைத்து, அந்தத் தாளை ஒரு சொல் விடாமல் மேற்கோள் காட்டுவார். நேர்காணல் எடுத்தவருக்கோ யாருடைய பேச்சையும் குறைக்க மனம் வராது. இவர்களில் யாருக்கும் எழுத வராமல் இல்லை. தாங்கள் விஷயத்தை அறிந்துகொண்ட வரிசையிலேயே வாசகருக்கும் சொல்லிக்கொண்டு போகிறார்கள், அவ்வளவுதான். வாசகருக்கு வேண்டிய வரிசை வேறு. உண்மையான நூல் நான்காம் இயலில்தான் தொடங்குகிறது என்று எழுத்தாளரிடம் சொல்ல வேண்டிய நிலை எனக்கு அடிக்கடி வருகிறது. முதல் மூன்று இயல்களும் அவர் தமக்குத்தாமே சொல்லிக்கொண்ட பாடம். எழுதியது வீணில்லை, அச்சிட வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் நீண்ட கடிதமாக எழுதி அனுப்புவேன். அதைப் படித்த இரவே பதில் எழுதாதீர்கள். சில நாள் கிடப்பில் போடுங்கள். கோபம் வரும், வரட்டும். ஆறிய பிறகு திரும்பப் படித்தால், நான் தடுக்கி விழுந்த இடங்களில் பலவற்றை எழுதும்போதே நீங்களும் உணர்ந்திருந்தீர்கள் என்பது தெரியவரும். அந்த இடத்தைச் சரிசெய்ய நான் சொன்ன வழியைத்தான் பின்பற்ற வேண்டும் என்பதில்லை. உங்கள் பொருளை என்னைவிட நன்றாக அறிந்தவர் நீங்கள். நான் சொல்வதைவிட நல்ல வழி உங்களிடமிருந்து வருவதே வழக்கம்.

ராபர்ட் மோசஸ் என்ற நியூயார்க் அதிகாரியைப் பற்றி ராபர்ட் கேரோ எழுதி 1974இல் வெளிவந்த வாழ்க்கை வரலாற்றின் கதை இங்கே சொல்லத் தக்கது. பிரதி 10 லட்சம் சொற்களைத் தாண்டியிருந்தது. எடிட்டர் ராபர்ட் காட்லீப்பும் கேரோவும் சேர்ந்து உட்கார்ந்து அதிலிருந்து சுமார் 3.5 லட்சம் சொற்களை நீக்கினார்கள். இரண்டு தொகுதிகளாகப் போட்டால் என்ன என்ற கேள்விக்கு, மோசஸ் மீது வாசகருக்கு ஒருமுறை ஆர்வம் ஊட்ட முடியும், இரண்டுமுறை முடியாது என்று காட்லீப் சொன்னாராம். நீக்கப்பட்டவற்றில் முழு இயல்களும் இருந்தன. அப்படியும் நூல் ஆயிரம் பக்கத்தைத் தாண்டியே நின்றது. வாக்கியத்துக்கு வாக்கியம் சண்டை போட்ட அந்த இருவரும் அதன் பிறகும் பல பத்தாண்டுகள் சேர்ந்து வேலை செய்தார்கள்.

ஆனால் காட்லீப் பதிப்பகத்தின் ஆள். அவருக்குச் சம்பளம் கொடுத்தது கேரோ அல்ல. என் நிலை வேறு: யாருடைய எழுத்தைக் குறை சொல்ல வேண்டுமோ அவரே எனக்குப் பணம் தருகிறார். இந்தத் தொழிலின் பெரிய சங்கடம் இதுதான், இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பாராட்டிவிட்டு நாலு காற்புள்ளியை மாற்றிக் கொடுத்தால் நீங்கள் மகிழ்வீர்கள், அடுத்த நூலையும் என்னிடமே தருவீர்கள், இன்னும் இருவரிடம் என் பெயரைச் சொல்வீர்கள். எடிட்டர் சலுகை காட்டுவதற்கான காரணங்கள் எல்லாம் இதில் அடங்கியிருக்கின்றன. அதனால் ஆளைத் தேர்ந்தெடுக்கும்போதே கவனமாக இருங்கள். சில பக்கங்களைக் கொடுத்து மாதிரித் திருத்தம் கேளுங்கள். அதற்குக் கட்டணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள். உங்களை எரிச்சலூட்டி, அதற்கான காரணத்தையும் தெளிவாகச் சொல்பவர் கிடைத்தால் விடாதீர்கள். பதிப்பாளர் கிடைப்பது உறுதி, விற்பனை உறுதி என்று வாக்களிப்பவரிடம் பேச்சை வளர்க்காதீர்கள். அது எந்த எடிட்டர் கையிலும் இல்லை.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். எத்தனை சொற்கள், எந்த வகை வேலை, எத்தனை சுற்று, எப்போது எவ்வளவு தவணை, நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும், பதிப்புரிமை உங்களிடமே இருக்கும் என்பது எல்லாம் அதில் வர வேண்டும். தகவல்களைச் சரிபார்ப்பது இந்த வேலையில் அடங்குமா என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடங்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், பெரும்பாலும் அடங்காது. ஒரு தேதி முரண்பட்டால் ஓரத்தில் கேள்விக்குறி போடுவேன், மூல ஆவணத்தைத் தேடிப் போக மாட்டேன். மருத்துவம், சட்டம் போன்றவற்றுக்குத் துறை அறிந்த ஒருவர் தனியாகப் படித்தே ஆக வேண்டும். குறிப்புகளை மட்டும் கொடுத்து நூலை எழுதித் தரச் சொல்வதும் எடிட்டிங்கில் சேராது. அதற்கு வேறு ஆள், வேறு கூலி.

திருத்தங்களை மறுக்கும் உரிமை உங்களுக்கு முழுமையாக உண்டு. ஒவ்வொரு மாற்றமும் திரையில் தடம் தெரியும்படிதான் கோப்பு உங்களிடம் வரும். ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். எனக்குப் பிடித்திருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லையென்றால் பழைய வாக்கியத்தையே வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் கேள்வியின்றி ஏற்றுக்கொள்ளும் எழுத்தாளரைக் கண்டால், எதையும் ஏற்காதவரைக் காட்டிலும் எனக்குக் கவலை அதிகமாகிறது.

ஆகவே முழுப் பிரதி தயாராகும் வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு மூன்று இயல்கள் எழுதியதும் எங்களில் யாரிடமாவது வாருங்கள். முதல் மின்னஞ்சலில் உங்கள் வாசகர் யார் என்று ஒரு பத்தி எழுதுங்கள். இயல்களின் பட்டியலைத் தந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி சேருங்கள். கூடவே ஓர் இயலையும் இணையுங்கள். மிக நன்றாக வந்திருக்கிறது என்று நீங்கள் நினைக்கும் இயல் வேண்டாம். எழுதும்போது உங்களுக்கே சந்தேகம் வந்த இயலை அனுப்புங்கள்.

அன்புடன்,
தனித்து வேலை செய்யும் ஓர் எடிட்டர்